கோப்பில் இருக்கிற நடுக்கம்

"கையெழுத்து ஒத்துப்போகலை சார்" என்று ஆஸ்பத்திரி குமாஸ்தா ஓர் அட்டையைத் திருப்பிக் காட்டினார்.

டிராயிங் மாஸ்டர் குனிந்து பார்த்தார். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், அவருக்கு அறுவை சிகிச்சை நடந்த அன்று எடுத்த மாதிரிக் கையெழுத்து. மையில் விழுந்த எறும்பு தத்தித் தத்திக் கரையேறின மாதிரி இருந்தது. இன்று அவர் போட்டதோ, அடிக்கோல் வைத்த மாதிரி நேர்.

"ஏன்யா, பார்க்கின்சன் நடுக்கம் நிக்கணும்னுதானே என் மண்டையில ஓட்டை போட்டு, புதுசா மூளைச் செல்லு வெச்சீங்க? நின்னுபோச்சு. இப்ப ஏன் நடுங்கலைன்னு கேட்டா நான் எங்க போவேன்?"

"அது டாக்டருங்க வேலை. என் வேலை கையெழுத்து."

பன்னிரண்டு பேருக்கு மட்டும் சோதனையாகச் செய்த சிகிச்சை அது. தொடர் பரிசோதனைப் பட்டியலை இன்று நான்கு மணிக்கு மூடுகிறார்கள். பெயர் விட்டுப்போனால், உள்ளே வைத்த செல் பிழைத்ததா செத்ததா என்று எட்டிப் பார்க்கக்கூட ஆள் கிடையாது.

"வாங்க, டாக்டர்கிட்டயே சொல்லிக்கலாம்" என்று மனைவி சட்டையை இழுத்தாள்.

"நீ சும்மா இரு. என் கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் படம் சொல்லிக்கொடுத்த கை. அட்டையைப் பார்த்து அச்சு அசலாகப் போட்டு நீட்டினார்.

"இது போட்டது இல்ல, வரைஞ்சது" என்ற குமாஸ்தா, பதிவேட்டில் ஏதோ எழுதினார்.

"என்ன எழுதறீங்க?"

"ஆள்மாறாட்டம்னு சந்தேகம்."

"ஆள்மாறாட்டமா? தொப்பியைக் கழட்டறேன், தழும்பைப் பாருங்க."

"தழும்புக்கு எங்ககிட்ட மாதிரி அட்டை இல்ல சார்."

மாஸ்டருக்கு ஆத்திரம் உச்சிக்கு ஏறியது. நடுக்கத்துக்கு இன்னும் சாப்பிட்டுவந்த பன்னிரண்டு மணி மாத்திரையை விழுங்காமல் பையிலேயே போட்டார். "நடுக்கம்தானே வேணும்? வரவழைச்சுக் காட்டறேன்."

"வேண்டாங்க. அந்த அட்டையை விட்டுத் தொலைங்க" என்று மனைவி கெஞ்சினாள்.

மூன்று மணிக்கு எழுந்து நடந்தார். கை கல் மாதிரி நின்றது. கால்தான் அலுவலக வாசலில் ஒட்டிக்கொண்டது. முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. பின்னால் ஏழு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

"பெரியவரே, கொஞ்சம் வழி விடுங்க."

"விடமாட்டேன்னா சொன்னேன்? காலைக் கேளுங்க."

சக்கர நாற்காலி தள்ளுகிறவர் ஓடிவந்து, அவரை உட்கார வைத்துக் கவுண்டருக்குக் கொண்டுபோனார். மாஸ்டர் கையெழுத்துப் போட்டார். முன்னைவிட அழகாக வந்து தொலைத்தது.

குமாஸ்தா இன்னொரு வரி எழுதினார்: 'மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை.'

"ஏழு வருஷம் என் சட்டைப் பொத்தானை இவதான் போட்டுவிட்டா" என்றார் மாஸ்டர். "இன்னிக்கு நானே போட்டேன். அதுக்குத் தண்டனையா இது?"

குமாஸ்தா பேனாவை மூடினார். கடிகாரத்தில் நான்கு ஆகப் பத்து நிமிஷம்.

"ஒரே வழி. அன்னிக்கு நீங்க இந்த அட்டையில கையெழுத்துப் போட்டதைப் பார்த்த ஆஸ்பத்திரி ஆள் யாராவது சொன்னா, ஏத்துக்கறேன்."

"இதோ நிக்கிறாரே! அன்னிக்கு என்னை ஆபரேஷனுக்கு உள்ள தள்ளிட்டுப் போனவரே இவர்தான். சொல்லுங்கண்ணே, இது யார் போட்டது?"

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நாற்காலிக்காரர் தலையைச் சொறிந்தார். "சாரை உள்ள விட்டப்புறம்தாங்க அட்டையில கையெழுத்து விட்டுப்போனது தெரிஞ்சுது, அம்மாதான் போட்டாங்க, அவங்க கை நடுங்கின நடுக்கத்துல அட்டையை நான்தான் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."