கைரொல்லாவின் ஒற்றைச் சோபா

கைரொல்லா அன்று ஒரு முடிவுக்கு வந்தார். சின்ன முடிவு இல்லை. ஐம்பது வயதுக்கு மேல் ஒரு மனிதன் எடுக்கக்கூடிய மிகப் பெரிய முடிவு.

"இனிமே இந்த வீட்டுல எனக்குன்னு ஒரு இடம் இருக்கும்!"

சொன்னது சமையலறை வாசலில் நின்று. கேட்டது மனைவி பிபிகுல். மாவு பிசைந்துகொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தாராளமா இருக்கட்டும். இப்ப கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க."

அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. தராஸ் நகரத்தில், ஐந்து மாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், இரண்டு அறை வீடு. ஒரு அறையில் மெத்தைகளும் ரஜாய்களும் உத்தரம் வரைக்கும் அடுக்கியிருக்கும். விருந்தாளி வந்தால் விரிக்க. இன்னொரு அறையில் விருந்தாளி உட்காரும் பெரிய மேசை. விருந்தாளி வராத நாளில் கைரொல்லா எங்கே உட்காருவது என்று அந்த வீட்டைக் கட்டியவனும் யோசிக்கவில்லை, கட்டிக்கொண்டவளும் யோசிக்கவில்லை. தொழிற்பள்ளியில் பிள்ளைகளுக்குக் கட்டட வரைபடம் போடச் சொல்லித் தருகிற மனுஷர், செய்தித்தாளைக் குளியலறையில் நின்றுகொண்டு படித்தார்.

இப்போது திடீரென்று ஆவேசம் வரக் காரணம், கீழ்வீட்டு கென்னாதி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சதுரங்கம் ஆடக் கூப்பிடும் நண்பர். அவருடைய மனைவி லூத்மிலா புதுச் சோபா வாங்கிவிட்டு, பழைய ஒற்றைச் சோபாவை மாடிப்படித் திருப்பத்தில் தள்ளிவிட்டாள். பச்சை வெல்வெட். அகலக் கை. உட்கார்ந்தால் ஆளை இடுப்பு வரை விழுங்கும். திங்கட்கிழமை அது குப்பை வண்டிக்கு. அதற்குள் யாராவது தூக்கிக்கொண்டால் அவர்களுக்கு.

"பால்கனியில பாதி எனக்கு வேணும்," என்றார் கைரொல்லா.

இந்த முறை பிபிகுல் திரும்பினாள்.

"பால்கனியா? சோகிம் வருது, மறந்துட்டீங்களா? குளிர்காலம் பூராவுக்கும் குதிரைக் கறி வரப்போகுது. எங்க தொங்கவிடறது? உங்க தலைக்கு மேலயா?"

"தொங்கட்டுமே! மேல கறி. கீழ நான். ஒருத்தருக்கொருத்தர் தொந்தரவு இல்ல."

"அந்தக் குளிர்லயா உட்காருவீங்க?"

"பால்கனிக்குக் கண்ணாடி போட்டிருக்கில்ல? கோட்டு மாட்டிக்கிட்டு உட்காருவேன். தொப்பியும் வெச்சுக்கிட்டு உட்காருவேன்."

"அங்க இருக்கற சாமானெல்லாம்?"

"அடுக்கிக் காட்டறேன். காசு கொடுத்து அலமாரி வாங்காம, வீட்டுல இருக்கற பழசை வெச்சே அடுக்கிக் காட்டறேன். எந்தப் பொருளுக்கும் இன்னொரு வேலை இருக்கு, பிபி. நமக்குத்தான் அது தெரியறதில்ல!"

இந்த ஞானம் அவருக்குக் கைபேசியில் கிடைத்தது. கட்டம் போட்ட சட்டைக்காரன் ஒருவன் கிழிந்த குடையிலிருந்து பாத்திர அலமாரி செய்வான், பாத்திரத்திலிருந்து விளக்கு செய்வான். கடைசியில் சிரிப்பான். அவனுக்குப் பின்னால் மனைவி யாரும் தெரிவதில்லை. கைரொல்லா இதைக் கவனித்திருக்க வேண்டும்.

பிபிகுல் கையிலிருந்த மாவைத் தட்டினாள்.

"சரி. ஜன்னல் பக்கத்துப் பாதி உங்களுக்கு. ஆனா, என் சாமான் ஒன்னையும் தூக்கி எறியக்கூடாது. உங்க பாதித் தரையில ஒரு குண்டூசிகூடக் கிடக்கக்கூடாது. ஞாயித்துக்கிழமை சோகிம் விருந்துக்கு எல்லாரையும் கூப்பிடறேன். விருந்து முடிஞ்சு கடைசி ஆள் படியிறங்கும்போதும் அந்தத் தரை காலியா இருந்தா, சோபா அங்க இருக்கட்டும்."

"சொல்லு மாற மாட்டியே?"

"எங்க அப்பா வீட்டுல யாரும் சொல்லு மாறினதில்ல."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறாளே என்று ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்திருந்தால் அவர் கணவராக இருந்திருக்க மாட்டார், வக்கீலாக இருந்திருப்பார்.

அன்று சாயங்காலமே சட்டைக் கையை மடித்துக்கொண்டு பால்கனிக்குள் இறங்கினார். இறங்கினார் என்றுதான் சொல்ல வேண்டும். கிணறு மாதிரி இருந்தது உள்ளே. ஊறுகாய் ஜாடிகள், உருளைக்கிழங்கு மூட்டை, பிள்ளைகள் வளர்ந்து போன பிறகும் போகாத பனிச்சறுக்கு வண்டி, சுருட்டிய கம்பளம், ஒரு சக்கரம் (எதனுடையது என்று யாருக்கும் தெரியாது).

சறுக்கு வண்டியைச் சுவரில் அறைந்தார். ஜாடி அலமாரி ஆயிற்று. ஒரு கால் உடைந்த ஏணியைக் குறுக்கே மாட்டினார். கம்பளம் அதன்மேல் ஏறியது. பழைய ஜீன்ஸ்களின் பாக்கெட்டுகளை வெட்டி ஒரு துணியில் வரிசையாகத் தைத்தார். ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒரு கருவி. சுத்தியல் வைத்த பாக்கெட் அறுந்து காலில் விழுந்தது. நொண்டிக்கொண்டே தைத்தார். மூட்டையிலிருந்த வெங்காயத்தை நீளக் காலுறையில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நடுவே முடிச்சு போட்டு, உத்தரத்திலிருந்து தொங்கவிட்டார்.

"அது யார் காலுறை?" என்று பிபிகுல் கதவருகே வந்து கேட்டாள்.

"உன்னோடதுதான். பழசு."

"பழசா? தங்கச்சி மகள் கல்யாணத்துக்குன்னு பிரிக்காம வெச்சிருந்தது!"

"வெங்காயத்துக்கு எவ்வளவு பொருத்தமா இருக்கு பாரு."

"என் காலைவிடப் பொருத்தமாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனாள். கோபித்துக்கொள்ளவில்லை. சாதாரணமாக அவள் ஒரு கரண்டி இடம் மாறினாலே நாள் முழுக்கக் கோபித்துக்கொள்வாள். அப்போதும் கைரொல்லாவுக்கு உறைக்கவில்லை.

சில்லறைச் சாமான்களுக்கு வந்தபோதுதான் அவர் மேதையானார். ஆணி, திருகு, பொத்தான், விதை, துணிமாட்டும் கிளிப், நூல்கண்டு, பழைய மின்கலம். இதற்கெல்லாம் இழுப்பறை வேண்டும். சமையலறை அலமாரியின் மேல்தட்டை அண்ணாந்து பார்த்தார். அங்கே பிபிகுல் வருஷக்கணக்காகக் கழுவித் துடைத்துச் சேர்த்த டப்பாக்கள், கோபுரம் கோபுரமாய். மயோனைஸ் டப்பா, ஐஸ்கிரீம் டப்பா, பிஸ்கட் தகரம், உப்பு மீன் வந்த பெரிய வாளி.

"இதெல்லாம் சும்மாதானே கிடக்குது?"

"சும்மாதான் கிடக்குது. எடுத்துக்குங்க."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். கட்டிலுக்கு அடியில இன்னும் கொஞ்சம் இருக்கு, அதையும் எடுத்துக்குங்க."

"பாத்திரம் கழுவற தொட்டிக்குக் கீழ ஒரு பை நிறைய பிளாஸ்டிக் பை வெச்சிருக்கியே..."

"அதையும்தான். எனக்கு எதுக்குங்க?"

பைகளை எல்லாம் முறுக்கிப் பின்னி, உருளைக்கிழங்குக்குக் கூடை செய்தார். டப்பாக்களுக்கு ஜோடி ஜோடியாக மரச்சட்டம் அடித்தார். டப்பாவின் விளிம்பு சட்டத்தில் உட்காரும். பிடித்து இழுத்தால் வழுக்கிக்கொண்டு கையோடு வரும். தள்ளினால் உள்ளே போகும். டப்பாவில் ஆணி இல்லை, பசை இல்லை. சனிக்கிழமை ராத்திரி பல் தேய்க்கும்போதுகூட ஒரு தடவை போய் இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

ஞாயிறு காலையில் கென்னாதியும் அவரும் சோபாவைத் தூக்கி வந்து ஜன்னலோரம் போட்டார்கள். கைரொல்லா கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சோபா இடுப்பு வரை விழுங்கியது. தலைக்கு மேல் கஸி என்கிற குதிரைக் கறித் தொத்திறைச்சி வளையம் வளையமாகத் தொங்கியது. கண்ணாடி வழியே வெயில் முழங்காலில் விழுந்தது.

"மந்திரி மாதிரி இருக்கீங்க," என்றார் கென்னாதி.

"அடுத்த ஞாயிறு ஆட்டம் இங்கதான். பலகையை எடுத்துக்கிட்டு வந்துடுங்க."

மந்திரி பதவி பத்து நிமிஷம் நீடித்தது. அழைப்பு மணி அடித்தது.

விருந்துக்கு முதலில் வந்தது உல்மெகென், கைரொல்லாவின் அக்கா. எந்த விருந்திலும் தலைமை இடம் அவளுக்குத்தான். எந்தப் பேச்சிலும் கடைசி வார்த்தை அவளுடையதுதான். பின்னாலேயே சித்தப்பா வீட்டு மருமகள்கள், பக்கத்து வீடுகள், கென்னாதியும் லூத்மிலாவும். கைரொல்லா யாரையும் உட்கார விடவில்லை. நேராகப் பால்கனிக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

"இழுங்க அக்கா. சும்மா இழுத்துப் பாருங்க!"

உல்மெகென் ஒரு டப்பாவை இழுத்தாள். கையோடு வந்தது. தள்ளினாள், போனது. இன்னொன்றை இழுத்தாள்.

"அடேயப்பா! என் தம்பி கையில இவ்வளவு இருக்கா? பிபிகுல், நீ குடுத்து வெச்சவ."

"ஆமாம் அண்ணி. எல்லாத்தையும் குடுத்துத்தான் வெச்சிருக்கேன்," என்றாள் பிபிகுல் அடக்கமாக.

விருந்து அமர்க்களம். வெந்த கறித் தட்டு மலை மாதிரி வந்தது. மேசை கொள்ளாத பௌர்சாக் மாவு உருண்டைகள், எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டோடு. டீக்கு மேல் டீ. கடைசியில் பெரியவர் ஒருவர் கையேந்தி வாழ்த்துச் சொல்ல, எல்லோரும் வழக்கப்படி உள்ளங்கையால் முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்தார்கள். எழுந்து, நின்றார்கள். யாரும் வாசலுக்குப் போகவில்லை.

"சர்கித்தைக் கட்டும்மா பிபிகுல்," என்றாள் உல்மெகென். "வீட்டுல பேரப்பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்கும்."

விருந்தில் மிஞ்சியதில் ஒரு பங்கு இல்லாமல் எந்த வீட்டிலிருந்தும் யாரும் படியிறங்குவதில்லை. கைரொல்லா பிறந்ததிலிருந்து அந்தப் பங்கை வாங்கித் தின்று வளர்ந்தவர். அது எதில் கட்டி வருகிறது என்று மட்டும் ஒருநாளும் பார்த்ததில்லை.

பிபிகுல் முந்தானை இல்லாத குறைக்கு ஏப்ரனின் நுனியைத் திருகினாள்.

"எதுல கட்டறது அண்ணி? இருந்த டப்பா, பை எல்லாத்தையும் உங்க தம்பி சுவத்துல மாட்டிட்டார்."

உல்மெகென் மெதுவாகத் தம்பி பக்கம் திரும்பினாள்.

"என்னடா சொல்றா இவ?"

"அது... அக்கா... தாள்ல மடிச்சு..."

"சுடச்சுடக் கறியைத் தாள்லயா? பூனைக்கா கட்டறே?"

"கிண்ணத்துல?"

"எல்லாருக்கும் ஒவ்வொரு கிண்ணம் குடுத்துட்டு, நாளைக்குக் காலையில உள்ளங்கையில டீ குடிப்பியா? சோகிமுக்கு வந்தவங்களை வெறுங்கையோட அனுப்பின வீடுன்னு ஊரே பேசணுமா? அப்பா இருந்திருந்தா இன்னிக்கு..."

"வேணாம் அண்ணி, அவரைத் திட்டாதீங்க," என்று பிபிகுல் இடையில் புகுந்தாள். குரல் பஞ்சு மாதிரி இருந்தது. "ஒரு வழி இருக்கு. அந்த டப்பாவெல்லாம் இழுத்தா கையோட வருமாமே?"

வந்தது. எத்தனை அழகாக வந்தது! மருமகள்கள் வரிசையில் நின்று ஆளுக்கொன்று இழுத்தார்கள். ஒருத்தி கையில் ஆணி டப்பா. ஒருத்தி கையில் விதை டப்பா. முதலாமவள் ஆணிகளைக் கீழே கவிழ்க்கப் போனாள்.

கைரொல்லாவுக்கு ஒரே ஒரு நினைப்புதான். தரை! கடைசி ஆள் படியிறங்கும்போதும் தரை காலியாக இருக்க வேண்டும்! மானம் போகலாம், டப்பா போகலாம், பந்தயம் போகக்கூடாது.

"கீழ கொட்டாதே!" என்று பாய்ந்தார். "தரையில ஒன்னும் விழக்கூடாது! சோபாவுல கொட்டு, சோபாவுல!"

"கேட்டீங்கல்ல?" என்றாள் பிபிகுல் உரக்க. "தரையில வேணாமாம். எல்லாரும் சோபாவுலயே கொட்டுங்க."

ஆணி விழுந்தது. திருகு விழுந்தது. பொத்தான், விதை, கிளிப், மின்கலம். பின்னல் கூடைகளும் போயின, பௌர்சாக் நிரம்பி. உருளைக்கிழங்கு சோபாவின் அகலக் கைகளில் ஏறியது. மீன் வாளி நிறையக் கறியோடு கென்னாதி லூத்மிலாவுக்குப் பின்னால் படியிறங்கினார். அவர்தான் கடைசி ஆள்.

கைரொல்லா பால்கனியில் நின்றார். சுவரெங்கும் வெறும் சட்டங்கள், பல் போன வாய் மாதிரி. கீழே தரை. பளிச்சென்ற தரை.

"ஒரு குண்டூசி இல்ல," என்றாள் பிபிகுல். "ஜெயிச்சுட்டீங்க. சொன்ன சொல்லு சொன்னதுதான். சோபா இங்கயே இருக்கட்டும்."

"இதுல எப்படி உட்காரறது?"

"எந்தப் பொருளுக்கும் இன்னொரு வேலை இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? என்ன அருமையான அலமாரி! கை வெச்ச அலமாரி நான் பார்த்ததே இல்ல."

வேறொருவராக இருந்தால் அங்கேயே விட்டிருப்பார். கைரொல்லா விடவில்லை. வாங்கிய பாத்திரத்தைத் திருப்பித் தராத வீடு தராஸில் கிடையாது. டப்பாக்கள் வரும். சட்டத்தில் ஏறும். ஆணியெல்லாம் டப்பாவுக்குள் போகும். சோபா காலியாகும். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

டப்பாக்கள் வந்தன. உல்மெகென் அக்காவே முதலில் கொண்டுவந்தாள். ஆவலோடு வாங்கினார். கனத்தில் கை கீழே இறங்கியது. திறந்தார். விளிம்பு வரை குர்த், உப்புத் தயிர்க்கட்டி.

"இது எதுக்கு அக்கா? காலியா குடுத்திருக்கலாமே!"

"காலி டப்பாவை எவளாவது திருப்பிக் குடுப்பாளா? உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

சித்தப்பா வீட்டு மருமகள் டப்பாவில் ஆப்பிள் ஜாம். அடுத்தவள் டப்பாவில் தக்காளி ஊறுகாய். ஐஸ்கிரீம் டப்பாவில் வெண்ணெய். ஒவ்வொன்றையும் அவர் பால்கனிக்குத் தூக்கிப் போனார். கனத்துக்குச் சட்டம் தாங்காது. தரையில் வைக்கவும் மனசு வரவில்லை. ஜெயித்த தரை. சோபாவின் மேலேயே அடுக்கினார்.

மறு ஞாயிற்றுக்கிழமை கென்னாதி சதுரங்கப் பலகையோடும் மீன் வாளியோடும் வந்தார். கைரொல்லா பயந்துகொண்டே வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

காலி! கழுவித் துடைத்து, சுத்தமாகக் காலி.

"லூத்மிலா நல்லாத் தேய்ச்சுக் குடுத்தா," என்றார் கென்னாதி. கைரொல்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவரைக் கட்டிக்கொண்டார்.

சாமான் குவிந்த சோபாவுக்கு எதிரே, தான் உட்கார வாளியைக் கவிழ்த்துப் போட்டார். கோட்டு மாட்டினார். தொப்பி வைத்தார். உட்கார்ந்தார். முழங்காலில் வெயில் விழுந்தது, தலைக்கு மேல் கஸி ஆடியது. கென்னாதி சமையலறை முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஆட்டம் தொடங்கியது. கடைசியில் கைரொல்லா ஜெயித்தும்விட்டார். உண்மையிலேயே ஜெயித்தார். கென்னாதி சிரித்தபடி எழுந்து தொப்பியை மாட்டினார்.

கைரொல்லா எழவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் இங்கேயே இப்படியே இருக்கப்போவதாக மனசுக்குள் முடிவெடுத்தார். பெரிய முடிவு.

கதவு திறந்தது. பிபிகுல் கையில் ஆவி பறக்கும் கறித் தட்டு.

"கொஞ்சம் எழுந்திருங்க, அந்த வாளி வேணும். வீட்டுக்கு வந்த மனுஷரை வெறுங்கையோடயா அனுப்பறது?"