சூடாகச் சாப்பிட வேண்டிய பதார்த்தம்

முட்டை குழிக்குள் உட்கார மறுத்தது.

பட்டர் ஃப்ரூட்டை இரண்டாகப் பிளந்து, கொட்டையை எடுத்த பள்ளத்தில் ஒரு முட்டையை உடைத்து ஊற்ற வேண்டும். மகள் ஜொவிட்டா அனுப்பிய வீடியோவில் அது எளிதாகத்தான் இருந்தது. ஆலிஸ் ஊற்றினார். பழம் ஒருக்களித்துப் படுத்தது. மஞ்சள் கரு சமையல் மேடையில் வழிந்து, தீப்பெட்டிக்கு அடியில் போய் நின்றது.

"பரவாயில்ல ஆலிஸ், நான் ரெண்டு இட்லி சாப்டுக்கறேன்," என்றார் கணவர் பவுல்சாமி, நம்பிக்கையோடு.

"டாக்டர் என்ன சொன்னார்?"

பவுல்சாமி இட்லிப் பானையிலிருந்து கண்ணை எடுத்தார். டிஃபன் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரை ஒரு மாதத்துக்குள் நூற்றெண்பதுக்குக் கீழே வராவிட்டால், தினமும் இன்சுலின் ஊசி என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரத்ததான முகாமைத் தொடங்கிவைக்கப் போய், மற்றவர்களுக்குக் குத்துவதைப் பார்த்தே மயங்கி விழுந்தவர் பவுல்சாமி. ஊசியைப் போட வேண்டியவர் ஆலிஸ். அவரைப் பிடித்துக்கொண்டு குத்துவதா, குத்திவிட்டுப் பிடிப்பதா என்பதே ஒரு வாரமாக ஆலிஸின் கவலை.

பாலவாக்கத்திலிருந்து ஜொவிட்டா போனில் வழிகாட்டினாள். "குழியைக் கொஞ்சம் பெருசா தோண்டுங்க மம்மி. பழம் ஆடக் கூடாது. ஓவன்ல இருபது நிமிஷம்."

பழம் ஆடாமல் இருக்க இட்லித் தட்டு கிடைத்தது. இட்லியை விரட்ட வந்த பதார்த்தம் இட்லித் தட்டிலேயே குடியேறியது.

ஓவன் கிடைக்கவில்லை. ஆலிஸ் குக்கருக்குள் உப்பைப் பரப்பி, தட்டை உள்ளே வைத்து, வெயிட் போடாமல் மூடினார். மூடியிலிருந்த ரப்பரைக் கழற்ற மறந்துவிட்டார். கால் மணி நேரத்தில் சாந்தோம் முழுக்க டயர் எரிந்த வாசனை.

மாடியிலிருந்து காமாக்ஷி மாமி எட்டிப் பார்த்தார். "ஆலிஸ், உங்காத்துல ஏதாவது எரியறதா?"

"டிஃபன், மாமி."

அப்போதுதான் ஆலிஸுக்கு டிசம்பர் மாதம் ஞாபகம் வந்தது. வருடாவருடம் சர்ச்சின் பங்குக் குடும்பங்கள் எல்லாம் கேக் மாவைக் கலந்து தட்டில் ஊற்றி, ராயப்பேட்டை ஹம்மாத் பாயின் பேக்கரிக்குத்தான் சுடக் கொண்டுபோகும். கேக்குக்கு ஆகும் அடுப்பு முட்டைக்கு ஆகாதா?

"கிறிஸ்மஸுக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கே டீச்சர்," என்றார் ஹம்மாத் பாய். விஷயத்தைக் கேட்டதும், ரஸ்க் எடுத்த பிறகு இருக்கும் சூட்டில் தினமும் வைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டார்.

பவுல்சாமிக்கு முழங்கால் வலி. தட்டோடு அவரைக் கூட்டிப்போய் வர, வழக்கமான ஆட்டோக்காரர் வேலுவை ஏற்பாடு செய்தார் ஆலிஸ். பெரும்பாக்கத்திலிருந்து காலை ஐந்து மணிக்கே வண்டியை எடுத்துவிடும் வேலுவின் டிஃபன் டப்பா ஹேண்டில்பாரில் தொங்கும்.

வேலு தட்டை உற்றுப் பார்த்தார். "இன்னா மேடம் இது, பட்டர் ஃப்ரூட்டுல முட்டை குந்திக்கினு கீது?"

"சாரோட சுகருக்கு, வேலு."

"எனக்குந்தான் கீது சுகரு. எம்மாம் சொன்னாலும் எங்கூட்ல தேவானை பொங்கலத்தான் கட்டிக் குடுக்குது."

முதல் நாள் தட்டு வீடு வந்து சேர்வதற்குள் ஆறிவிட்டது. முட்டை செருப்பு மாதிரி இழுத்தது.

"சூடா சாப்பிடணும்னு உன் பொண்ணே சொல்லியிருக்கா," என்றார் பவுல்சாமி. "நாளையிலிருந்து நான் பேக்கரியிலயே சாப்டுட்டு வந்துர்றேன்."

நியாயமாகத்தான் இருந்தது. மறுநாளிலிருந்து தட்டு காலியாக வந்தது. பழத்தோல்கூடச் சுரண்டப்பட்டிருந்தது. முருங்கைக்கீரையைக் கண்டாலே முகம் திருப்புகிற மனிதர். ஆலிஸுக்குக் கண் கலங்கியது.

முதல் வாரம் லேபில் பார்த்தபோது நூற்றுத் தொண்ணூற்றாறாக இருந்த சர்க்கரை இருநூற்றுப் பன்னிரண்டாகியிருந்தது.

ஆலிஸ் முப்பது வருடம் கெமிஸ்ட்ரி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கிராஃப் நோட்டை எடுத்துக் கோடு போட்டார். சோதனையில் மற்ற எல்லாம் மாறாமல் இருக்க, ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். அளவை மாற்றினார். தினமும் ஒரு பழம் இரண்டாயிற்று, இரண்டு முட்டை நான்காயிற்று.

இருநூற்று நாற்பத்தொன்று.

"பழத்துல ஏதோ கோளாறு," என்றார் ஆலிஸ்.

"பழத்தைக் குறை சொல்லாதே," என்றார் பவுல்சாமி பெருந்தன்மையாக.

மிளகு கூடியது. மதியச் சோறு பாதியானது. இரவுச் சோறு நின்றே போனது. எதற்கும் பவுல்சாமி முணுமுணுக்கவில்லை. காலையில் மட்டும் ஆட்டோ ஹார்ன் கேட்பதற்கு முன்பே வாசலில் நின்றார். இப்படி ஒத்துழைக்கும் நோயாளியைப் பார்த்ததில்லை என்று டாக்டரே வியந்தார்.

இருநூற்று அறுபத்தெட்டு.

மாதம் முடிந்தது. டாக்டர் வேறு வழியில்லாமல் ஊசிக்கு எழுதிக் கொடுத்தார்.

அன்று மாலை ஆலிஸ் ஒரு சாத்துக்குடிக்கு ஊசி குத்திப் பழகினார். சாத்துக்குடி நன்றாகத்தான் ஒத்துழைத்தது. எதிர் நாற்காலியில் பவுல்சாமி கண்ணை இறுக மூடி ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்.

"நான் என்ன தப்பு பண்ணேன்னே தெரியல," என்றார் ஆலிஸ். ஊசியைச் சாத்துக்குடியிலேயே விட்டுவிட்டு முந்தானையை எடுத்தார். "தினம் நாலரைக்கு எழுந்து, பழம் வெட்டி, முட்டை உடைச்சு... எல்லாம் வீணாப் போச்சே!"

"அழாதே ஆலிஸ். கடவுள் சித்தம்," என்றார் பவுல்சாமி, கண்ணைத் திறக்காமல்.

வாசல் மணி அடித்தது. வேலு நின்றிருந்தார். காக்கிச் சட்டை தோளில் தொளதொளத்தது. கையில் ஒரு முழம் மல்லிகையும், லேப் ரிப்போர்ட்டும்.

"உள்ள வா வேலு. என்ன விஷயம்?"

"டாங்ஸ் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன் மேடம். டாக்டரு எனக்கு மாத்திரையப் பாதியா கொறைச்சுட்டாரு. நாளையிலேர்ந்து ஒரு பழம் குடுத்து வுட்டாப் போதும் மேடம், சாருக்குன்னு டெய்லி ரெண்டு டப்பா பொங்கல் கட்ட தேவானையால முடியலயாம்!"