கவுஞ்சியில் ஒரு டப்பா

இனி கவுஞ்சியில் இருக்கும் மாமியார் வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று டேனி சபதம் போட்டு ஒன்றரை வருஷம். மச்சான் கல்யாணத்தில், ஊரே கூடியிருக்க, மாமியார் கித்தேரியம்மாள் அவனுடைய ஜீப்பை 'டப்பா' என்று சொல்லிவிட்டாள். கொடைக்கானலில் டூரிஸ்ட்டுகளைச் சுமக்கும் ஜீப். டேனிக்கு அது மூத்த பிள்ளை.

இப்போது அவனே டப்பா தேடி அலைந்தான். ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் கையடக்க ஜிபிஎஸ் கருவியை அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். யாராவது மலையில் ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இன்டர்நெட்டில் போடுவார்கள். அவற்றைக் கருவியில் ஏற்றி, அது காட்டும் அம்பைப் பிடித்துப் போய்க் கண்டுபிடிக்க வேண்டும். பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கும் மனைவி ரெஜினா எண்களைக் குறித்து வருவாள். அதற்கேற்ப ஞாயிறுதோறும் கண்ணுக்கு அழகான பாதையாகப் பார்த்து டேனி ஜீப்பைக் கிளப்புவான்.

"புதுசா ஒண்ணு போட்டிருக்காங்க. மன்னவனூர் தாண்டி."

"தாண்டின்னா? கவுஞ்சியா?"

"நம்பர்ல ஊர் பேரா எழுதியிருக்கு? வேணாம்னா விடுங்க. வேற யாராச்சும் எடுக்கட்டும்."

"எவன் எடுப்பான்? வெள்ளனே கெளம்பு!"

பூம்பாறையில் வயல்கள் படிப்படியாக மேகத்துக்குள் இறங்கிப்போயின. பைன் மரங்களுக்கு நடுவே வெயில் பால் மாதிரி ஒழுகியது. மன்னவனூர்ப் புல்வெளியில் மேய்ந்தது ஆடா மூடுபனியா என்று தெரியவில்லை. ரெஜினா அவன் தோளில் சாய்ந்திருந்தாள். வானத்தில் ஓட்டுவதாகவே டேனிக்குத் தோன்றியது.

கவுஞ்சிக்கு மேலே ரோட்டோரம் ஜீப்பை நிறுத்தினான்.

"ஊருக்குள்ள வரமாட்டேன், சொல்லிட்டேன்."

"யாரு கூப்பிட்டா? அம்பு கீழே காட்டுது பாருங்க."

பனி கண்ணை மறைத்தது. கருவியை மட்டுமே பார்த்துக்கொண்டு பூண்டு வயல் வரப்பில் இறங்கினான். நாற்பது மீட்டர். இருபது. ஐந்து. 'டங்'கென்று நெற்றி ஒரு தகரக் கதவில் மோதியது.

கதவு திறந்தது.

"வாங்க மாப்ள! வெரசா வந்துட்டீங்களே, சோறு இன்னும் வடிக்கலையே" என்றாள் கித்தேரியம்மாள்.

டேனி பின்னால் வந்த ரெஜினாவிடம் திரும்பினான். "ரெஜி... இங்க டப்பாவ ஒளிச்சு வச்சது யாரு?"

"நான்தாங்க. போன மாசம் லீவு போட்டு வந்தேன். முன்வாசல்னா உங்களுக்குத் தெரிஞ்சிருமேன்னு கொல்லைப்பக்கம் வச்சேன்."

கித்தேரியம்மாள் ஒரு பிஸ்கட் டின்னை நீட்டினாள். உள்ளே ஒரு சீட்டு. ரெஜினாவின் கையெழுத்து:

'கண்டெடுத்தது: மாப்பிள்ளை ஒன்று. கொண்டுவந்து சேர்த்தது: ரெஜினா.'