அண்ணி டைப் அடிச்ச இல்லாத கம்ப்யூட்டர்

போன செவ்வாய்க்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஒரு வெப்சைட்டு பழைய பிரௌசர்ல ஒழுங்கா தெரியுதான்னு பார்க்கணும். மத்தியான சாப்பாட்டுக்குள்ள முடிச்சிடலாம்னு நினைச்சேன்.

நான் திருப்போரூர்ல வீட்ல இருந்தே வெப்சைட்டு பண்ணிக் குடுக்கிறவ. இந்த சைட்டு படாளம் பக்கத்துல ஒரு ரைஸ்மில்லுக்கு. என் லேப்டாப்புல பார்த்தா கண்ணுல ஒத்திக்கலாம் போல இருந்துச்சு. மில்லு ஓனர் போன் பண்ணி, "பட்டன் எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கினு கீதும்மா"ன்னாரு. அவரோட ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வயசு பதினஞ்சு இருக்கும். புதுசு வாங்கிடுங்க சார்னு சொல்லிப் பார்த்தேன். இதுதான் நல்லா ஓடுதேன்னுட்டாரு.

ஒவ்வொரு தடவ திருத்தினதும் பஸ் ஏறிப் போயா பார்க்க முடியும்? அதுக்குத்தான் விர்ச்சுவல் மெஷின்னு ஒண்ணு இருக்கு. என் லேப்டாப்புக்குள்ளயே, வெறும் சாஃப்ட்வேர்ல, ஒரு பழைய கம்ப்யூட்டரை உண்டாக்கிக்கலாம். அதுல பழைய விண்டோஸ், பழைய பிரௌசர். ஸ்கிரீன் முழுக்க விரிச்சு விட்டுட்டா பச்சை மேடு, நீல வானம், இடது மூலையில ஸ்டார்ட் பட்டன்னு அச்சு அசலா பழைய கம்ப்யூட்டர்தான்.

இதுல ஒரு வசதி. டெஸ்ட் பண்ணி முடிச்சதும் ஒரு பட்டனைத் தட்டினா, உள்ள சேர்ந்தது அத்தனையும் போயிடும். முதல் நாள் எப்படி இருந்துச்சோ அப்படியே ஆயிடும். நான் அதை ஒரு நாளைக்கு இருபது தடவ தட்டுவேன். மூளையைக் கேக்காமலே கை போயிடும்.

பன்னெண்டு மணிக்கு ஸ்டெல்லா அண்ணி வந்தாங்க. என் வீட்டுக்காரரோட அக்கா. ஒரு காலத்துல செங்கல்பட்டுல பிரௌசிங் சென்டர் வெச்சிருந்தவங்க. பரீட்சை ரிசல்ட் வர்ற அன்னைக்கு கடைக்கு வெளிய ரோடு வரைக்கும் கூட்டம் நிக்குமாம். எல்லார் கைக்கும் போன் வந்ததும் கடையை மூடிட்டாங்க. அதுக்கப்புறம் ஜவுளிக்கடையில நாள் முழுக்க நின்னுகிட்டே வேலை. சாயங்காலம் ஆனா காலு ரெண்டும் வீங்கிடும்.

மாமல்லபுரம் போற வழியில ஒரு ஸ்கூல்ல ஆபீஸ் வேலைக்கு ஆள் கேட்டிருக்காங்க. ஒக்காந்து பார்க்கிற கம்ப்யூட்டர் வேலை. அன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள விண்ணப்பத்தை மெயில்ல அனுப்பணும். இங்கிலீஷ்ல டைப் அடிக்கணும், பயோடேட்டா மட்டும் இல்ல, நாலஞ்சு கேள்விக்கு பக்கம் பக்கமா பதிலும் எழுதணும். கொஞ்ச நேரம் லேப்டாப்பு குடுன்னாங்க.

தாராளமா அடிங்க அண்ணின்னு சொல்லிட்டு, இன்னொரு கிளையண்ட்டோட போன் வந்ததால மொட்டை மாடிக்குப் போயிட்டேன். எங்க வீட்ல டவர் நல்லா கிடைக்கிறது அங்கதான். ஸ்கிரீன்ல எது விரிஞ்சு கிடக்குன்னு திரும்பிக்கூட பார்க்கல. நானெல்லாம் கம்ப்யூட்டர்ல சம்பாதிக்கிறவ!

இறங்கி வந்தா அண்ணி முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். "போன தடவ வந்தப்போ ஸ்டார்ட்டு பட்டனு நட்டநடுவுல கெடந்துச்சு. இப்பதான் உன் கம்ப்யூட்டரு கம்ப்யூட்டரு மாதிரி கீது"ன்னாங்க. நான் காதுல வாங்குனேன், மண்டையில ஏத்தல. சிரிச்சிட்டு மீன் கழுவப் போயிட்டேன்.

ரெண்டரை மணி நேரம் அடிச்சாங்க. கீபோர்டு சத்தம் சமையக்கட்டு வரைக்கும் கேட்டுச்சு. முடிச்சிட்டு எழுந்து வந்தாங்க. டெஸ்க்டாப்புல மூணு தடவ சேவ் பண்ணியிருக்கேன், சாப்பிட்டதும் மெயில் மட்டும் அனுப்பிக் குடுன்னாங்க. ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சரியா வரலையாம். வேலையில ஒரு சிக்கல் வந்தப்போ எப்படி சமாளிச்சீங்கன்னு கேட்டிருக்காங்க. சும்மா ரெண்டு வரி எழுதி வெச்சேன்னு சொல்லிட்டு கை கழுவப் போனாங்க.

அந்த நேரம் பார்த்து மில்லு ஓனர் போன். பட்டன் இறங்கிடுச்சாம்மான்னு கேட்டாரு. இதோ சார், ஒரே நிமிஷம்னு ஒக்காந்தேன். கை தானா போச்சு. தட்டிட்டேன்.

சுத்தமான பச்சை மேடு வந்துச்சு. சைட்டைத் தொறந்தேன். பட்டன் எல்லாம் அதது இடத்துல ஒக்காந்திருந்துச்சு. அப்பாடான்னு கைய தட்டிக்கிட்டேன்.

பின்னாடி அண்ணி நின்னுகிட்டு இருந்தாங்க. "இன்னா ஜெனி, என் ஃபைலைக் காணோம்?"

இங்கதான் இருக்கும் அண்ணின்னேன். அங்க தேடினேன், இங்க தேடினேன். குப்பைத்தொட்டியைத் தொறந்து பார்த்தேன், அது கூட காலி. சில சமயம் இப்படி ஒளிஞ்சுக்கும்னு ஒரு பொய் சொன்னேன். பிரௌசிங் சென்டர் வெச்சிருந்தவங்க கிட்ட! அவங்க என்னையே பார்த்தாங்க. வேற வழியில்லாம உண்மையைச் சொன்னேன்.

"அண்ணி, நீங்க டைப் அடிச்ச கம்ப்யூட்டரு நெஜமா இல்ல."

லேப்டாப்பை ஒரு தடவ தொட்டுப் பார்த்தாங்க.

"இல்லாத கம்ப்யூட்டர்லயா நான் ரெண்டரை மணி நேரம் குந்திகினு இருந்தேன்?"

ஆமாம்னு தலையாட்டினேன். திட்டியிருந்தா கூட தேவல. அப்படியே நாற்காலியில ஒக்காந்துட்டாங்க. ஜவுளிக்கடையில ஒரு நாள் லீவு கேட்டு வாங்கிட்டு வந்திருக்காங்க. அவங்க காலைப் பார்த்தேன், எனக்கு அழுகையே வந்துடுச்சு.

மணி அப்போ மூணு. அண்ணி நிமிர்ந்து ஒக்காந்து, நான் சொல்றேன், நீ அடின்னாங்க. இந்த தடவ நெஜ கம்ப்யூட்டர்லதானேன்னு ரெண்டு தரம் கேட்டுட்டுத்தான் ஆரம்பிச்சாங்க. எல்லாம் அப்படியே மனப்பாடமா இருந்துச்சு. நான்தான் தடுமாறினேன். ஸ்பெல்லிங்கு தப்பு, ஸ்பேஸு விடலன்னு, ஸ்கூல் புள்ளைக்கு விழற மாதிரி திட்டு விழுந்துச்சு.

கடைசியா அந்த சிக்கல் கேள்வி வந்துச்சு. அண்ணி ஒரு நிமிஷம் யோசிச்சாங்க. அப்புறம் நிறுத்தி நிதானமா சொல்ல ஆரம்பிச்சாங்க. கம்ப்யூட்டர் பழக்கம் அதிகம் இல்லாத என் உறவினர் ஒருவர், நான் தயாரித்த மொத்த ஆவணத்தையும் தவறுதலாக அழித்துவிட்டார். நான் குரலை உயர்த்தவில்லை. அவருக்குத் தைரியம் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து வழிகாட்டி, கடைசி நேரத்துக்கு முன்பே முழுவதையும் மறுபடி தயாரித்து முடித்தேன்.

இதையெல்லாம் என் கையாலயே இங்கிலீஷ்ல டைப் அடிச்சேன். "கம்ப்யூட்டர் பழக்கம் அதிகம் இல்லாத"ங்கிற இடத்துல லேசா நிறுத்திப் பார்த்தேன். "அடி, அடி. டைம் ஆவுது"ன்னாங்க. அடிச்சேன். அஞ்சுக்கு பத்து நிமிஷம் இருக்கும்போது மெயில் போச்சு.

வெள்ளிக்கிழமை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டாங்க. அண்ணிக்கு வேலை கிடைச்சிடுச்சு. அந்த ஒரு பதிலைத்தான் பிரின்சிபால் மேடம் திரும்பத் திரும்ப படிச்சாங்களாம். இவ்வளவு பொறுமை யாருக்கு வரும்னு பாராட்டினாங்களாம். எனக்கும் சந்தோஷம்தான், இல்லாம என்ன.

கூடவே மேடம் இன்னொண்ணும் சொன்னாங்களாம். ஸ்கூல்ல சனிக்கிழமை தோறும் பெரியவங்களுக்கு ஆரம்பக் கம்ப்யூட்டர் வகுப்பு நடக்குது, பாவம் அந்த உறவினரையும் வரச் சொல்லுங்கன்னு.

அண்ணி என் பேரை அங்கயே குடுத்துட்டு வந்துட்டாங்க.