மச்சானுக்குச் சுருக்கிய வீடியோ

என் மனைவி செல்வியின் குடும்பத்தில் யாரையும் சும்மா கூப்பிட மாட்டார்கள். முதலில் திட்டுவார்கள். போன விசேஷத்துக்கு ஏன் வரவில்லை, வந்தபோது ஏன் சாப்பிடவில்லை, சாப்பிட்டபோது ஏன் மறுசோறு வாங்கவில்லை என்று கொட்டித் தீர்த்துவிட்டு, கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, ஞாயித்துக்கிழம எல்லாரும் வந்துடுங்க" என்பார்கள். திட்டு எவ்வளவு நீளமோ பாசமும் அவ்வளவு. திட்டாமல் கூப்பிட்டால்தான் பயப்பட வேண்டும்.

இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கோட்டை விட்டேன்.

பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் எனக்குத் தரச் சோதனை வேலை. அடுத்தவன் செய்த சாமானில் தலைமுடி அளவு கீறல் இருந்தாலும் கண்டுபிடித்து ஒதுக்கி வைப்பதற்குச் சம்பளம். (இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். செல்வி இன்னும் வைத்திருக்கிறாள்.) கணினியை நானாகவே தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டவன். நாங்கள் குடியிருக்கும் டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டு வரிசையில் யார் போன் மக்கர் செய்தாலும் என்னிடம்தான் வரும். சரியாகித் திரும்பிப் போகுமா என்று மட்டும் கேட்காதீர்கள்.

எங்கள் மகள் யாழினிக்குக் காது குத்த நாள் குறித்தபோதுதான் சிக்கல் ஆரம்பித்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். தாய்மாமன் என்றால் செல்வியின் அண்ணன் குணா. கடல் தாண்டிச் சபாவில், காட்டுக்குள் இருக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மேலாளர். அங்கே போனில் நாலு வார்த்தை பேசுவதற்குள் லைன் அறுந்துவிடும். போதாக்குறைக்கு, தீபாவளியிலிருந்து அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் வரவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

முறைப்படி வெற்றிலைத் தட்டோடு நேரில் போய் அழைக்க வேண்டும். கைக்குழந்தையோடு சபாவுக்குப் பறப்பது எப்படி? "வீடியோ எடுத்து அனுப்பிடலாம்" என்று யோசனை சொன்னவன் நான்தான்.

எங்களோடு இருக்கும் மாமியார் சம்மதித்தார். பிள்ளைகள் இரண்டும் பேசாமல் இருப்பதில் அதிகம் உருகிப் போனவர் அவர்தான். மகளுக்கு ஒரு விதிமுறையும் சொல்லிக் கொடுத்தார்: "உள்ள இருக்கறத மொதல்ல கொட்டிடு. மனசுல கோவத்த வச்சிக்கிட்டு தட்ட தூக்காத. வெத்தல கசந்துடும்."

செல்வி கொட்டினாள். நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏன்ணே, புதுமனைக்கு வந்தியா? வரல. தீபாவளிக்கு வரேன்னியே, வந்தியா? உனக்குன்னு ஆட்டுக்கறி வாங்கி வச்சேன், நானும் அவரும் வாரம் பூரா அதையே தின்னோம். புள்ள பொறந்த போட்டோ போட்டேன், நீ என்னா போட்ட? ஒரு கட்ட வெரலு! தாய்மாமன் சீரு கட்ட வெரலா? நீயெல்லாம் ஒரு அண்ணனா?"

இது முதல் பாதி. அப்புறம் மூக்கை உறிஞ்சினாள். மேசையிலிருந்த தட்டை எடுத்தாள். "உன் மடி இல்லாம எம்புள்ளைக்கு வேற யாரு மடிண்ணே? நீ வந்தா போதும், ஒண்ணும் கொண்டு வராத. வந்துடுண்ணே" என்று அழுதாள். பின்னால் மாமியார் அழுதார். அப்படி ஓர் அழைப்பை நான் பார்த்ததில்லை.

என் புதுப் போன் எல்லாவற்றையும் மிகத் துல்லியமாக எடுத்திருந்தது. அதனால் வீடியோ யானைக்கனம் கனத்தது. மச்சான் ஊர் லைனில் அது இறங்கி முடிப்பதற்குள் யாழினிக்குக் கல்யாணமே ஆகிவிடும். "சுருக்கிடலாம், சின்ன வேல" என்றேன்.

முதலில் படத்தின் தரத்தைக் குறைத்தேன். செல்வி பார்த்தாள். "என் மூஞ்சி எங்க? குளியலறை மொசைக் கல்லு மாதிரி கட்டம் கட்டமா இருக்கு!" அடுத்து வேறொன்றைக் குறைத்தேன். வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் போனது. "அலாமாக், என்னாங்க இது, நான் திட்டி முடிச்சப்புறம் வாய் தனியா திட்டுது!"

ரோஷம் வந்துவிட்டது. இணையத்தில் தேடி, இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருளை இறக்கினேன். நடுவில் ஏதோ ஒரு பெட்டி எழும்பி ஆங்கிலத்தில் பத்தி பத்தியாக எதையோ சொன்னது. (அந்தப் பெட்டிகளை யார் படிக்கிறார்கள்? ஓகே அழுத்துவதற்காகத்தானே அவை பிறந்திருக்கின்றன.) ஓகே அழுத்தினேன். யானை பூனைக்குட்டியாக வந்து விழுந்தது. ஆரம்பத்தை ஓட்டிப் பார்த்தேன்: முகம் முகமாக இருந்தது, வாயும் பேச்சும் ஒன்றாகப் போயின. "பாத்தியா?" என்று காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு அனுப்பினேன்.

மச்சான் பார்த்துவிட்டார் என்று நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை.

இரண்டு நாள் கழித்து மாமியார் மகனுக்குப் போன் போட்டார். "பாத்துட்டேம்மா. போதும்மா" என்று மட்டும் கேட்டது. லைன் போய்விட்டது. அந்த வாரம் எங்கள் வீட்டில் ரசம்கூடச் சத்தம் போடாமல் கொதித்தது. தூரத்து உறவில் ஒருவர் மடி தருவதாகச் சொல்லி அனுப்பினார். செல்வி சீறினாள்: "எம்புள்ள என்னா பஸ் பேசஞ்சரா, எந்த சீட்டு காலியோ அதுல ஒக்கார?" அப்புறம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

காது குத்துக்கு முதல் நாள் மத்தியானம், வாசலில் ஒரு வாடகைக் கார் நின்றது. குணா மச்சான் இறங்கினார். கையில் பை, முகத்தில் இடி. கேட்டைத் திறந்து விட்டேன். வெளியிலேயே நின்றார்.

"உள்ள வர மாட்டேன் மாப்ள. கேக்க வேண்டியத கேட்டுட்டு ஏர்போட்டுக்குப் போறேன். எங்க அவ?"

செல்வி ஓடி வந்தாள், பின்னாலேயே மாமியாரும். மச்சான் வரிசை மாறாமல் பதில் சொன்னார்.

"புதுமனைக்கு ஏன் வரல? தோட்டத்து ரோட்ட வெள்ளம் தூக்கிட்டுப் போயிடுச்சு. தீபாவளிக்கு ஏன் வரல? லீவு குடுத்த பெரிய மேனேஜரு கடைசி நேரத்துல கேன்சல் பண்ணிட்டாரு. கட்ட வெரலா? அந்த ஒத்த வெரலு போறதுக்கு தண்ணித் தாங்கி மேல ஏறி நின்னேன்லா! அதுவும் அர நாளு சுத்திக்கிட்டே இருந்துச்சு! ஊரெல்லாம் காது குத்துன்னு பேசுது. என்னய மட்டும் கூப்புடல. திட்றதுக்கு மட்டும் வீடியோ அனுப்புறியா?"

"கூப்புடலயா? தட்ட தூக்கிக்கிட்டு அழுதேனேண்ணே!"

"எங்க அழுத? 'நீயெல்லாம் ஒரு அண்ணனா'ன்னு கேட்டுட்டு, வாயத் தொறந்தமேனிக்கு நின்னுட்ட!"

போனை எடுத்துக் காட்டினார். செல்வி வாயைத் திறந்தபடி உறைந்து நின்றாள். அதோடு வீடியோ முடிந்திருந்தது.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்தப் பெட்டி சொன்னதை அப்போதுதான் போய்ப் படித்தேன். இலவசமாகச் சுருக்கினால் வீடியோவின் முதல் பாதி மட்டுமே கிடைக்குமாம். யானையைப் பூனையாக்கவில்லை நான். யானையின் பின்பாதியை வெட்டி எறிந்திருக்கிறேன். அந்தப் பாதியில்தான் தட்டு இருந்தது, அழுகை இருந்தது, அழைப்பு இருந்தது.

"ஃபெக்டரில ஊரான் சாமான மட்டும் கடைசி வரைக்கும் பாப்பாரு" என்றாள் செல்வி. மாமியார் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. (முன்பே சொன்னேனே, அந்தக் குடும்பத்தில் திட்டாவிட்டால்தான் பயப்பட வேண்டும்.)

முழு வீடியோ என் கணினியில் இருந்தது. "பாத்துட்டாவது போங்க மச்சான்" என்று கெஞ்சினேன். செருப்பைக் கழற்றாமல் வந்து நடுக்கூடத்தில் நின்று பார்த்தார். தட்டு வந்ததும் செருப்பைக் கழற்றினார். "வேற யாரு மடிண்ணே" வந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். முடிந்தபோது யாழினி தவழ்ந்து போய் அவர் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளைத் தூக்கியபடி, "காலைல எத்தன மணிக்கு?" என்று கேட்டார்.

மாமியார் அவர் பையை உள்ளே எடுத்துப் போக நினைத்துத் தூக்கினார். வாய் சரியாக மூடாத பையிலிருந்து சின்னச் சிவப்புப் பெட்டி ஒன்று விழுந்தது. உள்ளே ஒரு ஜோடித் தங்கத் தோடு.

"ஏன்டா, சண்ட போட வந்தவன் தோட்ட எதுக்குடா வாங்கியாந்த?"

மச்சான் தரையைப் பார்த்தார். "சண்ட வேற, தோடு வேறம்மா. குடுத்துட்டுத்தான் போவலாம்னு இருந்தேன்."

மறுநாள் காது குத்தியபோது யாழினி கொஞ்சம் அழுதாள், மச்சான் நிறைய அழுதார். அதையும் நான் முழுதாகப் படம் எடுத்தேன். அது இன்னும் பெரிய யானை. அதை யாருக்கும் அனுப்ப எனக்கு அனுமதி கிடையாது. பார்க்க வேண்டியவர்கள் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

இப்போது செல்வி போனில் அண்ணனைத் திட்ட ஆரம்பித்தால், மச்சான் அந்தப் பக்கம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, ரெண்டாம் பாதிய போடு" என்கிறார். எனக்குத்தான் அந்த வசதி இல்லை. என்னைத் திட்டும்போது பாதியில் சட்டென்று நிறுத்திவிடுகிறாள். பாசப் பகுதி வருமென்று நான் காத்துக்கொண்டு நிற்பேன்.

"இன்னிக்கு இலவசம் இவ்வளவுதான்" என்பாள். "மிச்சம் வேணும்னா பாத்திரத்த கழுவுங்க."