சிவப்பி ஈன்ற இரட்டைக்கு எத்தனை அப்பன்

வட்டவளை,
மேல் பிரிவு லயம்.

என் தங்கச்சி மகள் தனுஷிகாவுக்கு, உன் ஒரே தாய்மாமன் செல்லசாமி, மூட்டுவலி நீங்கலாக மற்ற எல்லா விதத்திலும் சுகமாயிருந்து எழுதுவது. நுவரெலியாக் குளிரில் நீயும் வரப்போகிற மாப்பிள்ளையும் சுகமாயிருக்க மாரியம்மன் துணை.

தையில் உன் கல்யாணத்துக்குச் சீராக ஒரு கிடேரிக் கன்று தருவேன் என்றேன் அல்லவா? சொன்னால் சொன்னதுதான். நம்ம பசு சிவப்பி இரட்டையே ஈன்றுவிட்டாள்! கறுப்பு வெள்ளையில் ஒரு கிடேரி, சிவப்பில் ஒரு காளை. இரண்டும் கவர்மெண்டு ஊசியில் பிடித்த சீமைச் சினை என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, பக்கத்து வீட்டு வீரய்யா வந்து நிற்கிறான்.

“செல்லசாமிண்ணே, அந்தச் சிவப்பு அப்படியே எங்க காளை மூஞ்சிங்க. சீரு வாசிக்கிறப்ப மைக்குல எம் பேரையும் சொல்லிப்புடணும்.”

ஊசி போட்ட அன்று சிவப்பியை வேலியோரம் கட்டிவிட்டு அந்தச் செய்தியை லயம் முழுக்கச் சொல்லப் போயிருந்தேன், அது உண்மை. பன்னிரண்டு வீடு, பன்னிரண்டு தேத்தண்ணி. அதற்குள் அவன் காளை வேலி தாண்டிவிட்டதாம்! விடுவேனா? மாட்டு டொக்டர் பிரதாப்பைக் கூட்டிவந்து, “இரத்தத்தைப் பாத்துச் சொல்லுங்கய்யா, அப்பன் யாருன்னு” என்று கர்ஜித்தேன், காலையில் ஆள்களுக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களம் வரைக்கும் கேட்டது.

“இப்பல்லாம் மயிர் வேரே போதுங்க. அந்தக் காலத்துலதான் இரத்த வகை பாத்துக் காளைக்கும் கன்னுக்கும் உறவு சொன்னாங்க. எம்பது வருசத்துக்கு முந்தி அமெரிக்காவுல ஒரு பசு இப்படித்தான், ஒரே ஈத்துல ரெண்டு கன்னு, ரெண்டு அப்பன். இரத்தத்தைப் பாத்தா ரெண்டு கன்னுலயும் ரெண்டு வகையும் கலந்து ஓடுது. வயித்துக்குள்ளயே கலந்துருச்சு” என்றார். நான் இதை முன்பே ஊகித்திருந்தேன் என்று அவருக்கும் சொல்லிவைத்தேன்.

ஆகவே மருமகளே, உன் கிடேரிக்குச் சீமை இரத்தமும் வட்டவளை இரத்தமும் சேர்ந்தே ஓடுகிறது. பால் இரட்டிப்பாகக் கறக்கும், பெரிய வாளியாக வாங்கி வை. மைக்கில் என் பெயர் மட்டும்தான்.

தீர்க்காயுசாக, மடி வற்றாத வீடாக வாழ்க.

உன் மாமா,
செல்லசாமி

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போன நேரம், கிடேரி எப்போது சினை பிடிக்கும் என்று டொக்டரைக் கேட்டேன். “காளையோட கூடப் பொறந்த கிடேரி பத்துல ஒம்பது பிடிக்காதுங்க. அந்தக் கலந்த இரத்தந்தான் காரணம்” என்கிறார். நான் திண்டாடி நின்றதைப் பார்த்து வீரய்யா தன் கிடேரியையே அவிழ்த்து வந்து கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டான். “ஒங்க தங்கச்சி மக எனக்கு யாருண்ணே?” என்றான். மைக்கில் அவன் பெயரை முதலில் வாசிக்கச் சொல். என் பெயரைக் கொஞ்சம் சத்தமாக.