டப்பா அக்காவின் அரை இட்லி

பெயர் எழுதி ஒட்டிய டப்பா இல்லாமல் உலகத்தில் எந்தப் பொருளையும் தொடமாட்டேன் என்று வாழ்ந்த ஒரே ஜீவன், வேங்கிக்கால் பெண்கள் விடுதியில் என் அறையில் இருந்த டப்பா அக்காதான். கீழ்பென்னாத்தூர்க்காரர், என்னைவிட இரண்டு வருடம் மூத்தவர். சி புரோகிராமிங் தலைக்கேறிப்போனவர். "வேரியபிள்னா டப்பாடி. முதல்ல பேர் வை, என்ன போடப்போறேன்னு சொல்லு, அப்புறம் போடு" என்பார். அறையும் அப்படியே ஆகிவிட்டது. ஊக்கு டப்பாவில் ஹேர்பின்னைப் போட்டதற்காக ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

ஒருமுறை என் டம்ளரில் அவருடைய டீயும், அவர் டம்ளரில் என் காபியும் வந்துவிட்டன.

"டம்ளரை மாத்திக்கலாங்க்கா."

"அவங்கவங்க டம்ளர் அவங்கவங்களுக்கு. உள்ள இருக்கிறதுதான் மாறணும். இரு, காலி டம்ளர் ஒண்ணு கொண்டாறேன்."

மெஸ்ஸுக்கு இறங்கிப் போய் மூன்றாவது டம்ளரோடு வந்து ஊற்றி மாற்றி முடிப்பதற்குள் இரண்டுமே ஆறிப்போயின.

எனக்கோ சி லேப் தேர்வு ஏற்கெனவே இரண்டு முறை ஊற்றிக்கொண்டுவிட்டது. படிப்பை முடித்தால் சேரலாம் என்று ஒரு வேலையும் கிடைத்திருந்தது. இந்த முறையும் கோட்டைவிட்டால் அதுவும் போச்சு.

தேர்வு நாள் காலையில் எங்கள் இருவருக்கும் சேர்த்து ஐந்து இட்லி வந்தது. அக்கா ஆளுக்கு இரண்டு வைத்துவிட்டு ஐந்தாவதைக் கையில் எடுத்துக்கொண்டார். தினசரி நடக்கிற கொள்ளைதான்.

"அரை எனக்கு வரணுங்க்கா. பாருங்க, பெரிய டப்பாவே கொண்டாந்திருக்கேன்!"

"டப்பா பெரிசா இருந்து என்னடி? முழு எண்ணை முழு எண்ணால வகுத்தா, அரை வகுக்கும்போதே போயிடும். ரெண்டுல ஒண்ணாவது புள்ளி வெச்ச எண்ணா இருக்கணும்" என்று இட்லியோடு எழுந்து போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

தேர்வில் 62, 63 இரண்டுக்கும் சராசரி கண்டுபிடிக்கச் சொன்னார்கள். புள்ளி எண் தாங்குகிற ஃப்ளோட் டப்பாதான் வைத்திருந்தேன். ஆனாலும் திரையில் வந்தது 62.000000.

"அரை எங்கம்மா போச்சு?" என்றார் தேர்வு நடத்த வந்தவர்.

'அக்கா வாயில சார்' என்று சொல்லியிருப்பேன். அதற்குள் காலைச் சண்டை நினைவுக்கு வந்தது. இரண்டையும் கூட்டி வகுக்கும் இடத்தில் இருந்த 2-ஐ 2.0 என்று திருத்தினேன். 62.500000 வந்தது. அவர் தலையசைத்தார்.

மூச்சிரைக்க அறைக்கு ஓடிவந்தேன். "அரை வந்துடுச்சுக்கா, பாஸ்!"

அக்கா எழுந்து அலமாரியிலிருந்து ஒரு புது டப்பாவை எடுத்து நீட்டினார். மேலே என் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. உள்ளே அரை இட்லி.

"காலைலயே குடுத்திருப்பேன். உன் பேர்ல டப்பா இல்லையே, அதான் லேட்டு."

வறண்டுபோன அந்த அரை இட்லியை அழுதுகொண்டே தின்றேன். டப்பா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதில் வேறு எதையும் போட இன்றுவரை எனக்கு மனம் வரவில்லை.